கூட்டில் பத்து, குப்பியில் நூறு
மீமிசல் சுற்றுவட்டார மகளிர் குழுப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார், மதினிமார், லாத்தாமார், தங்கச்சிகள் எல்லோருக்கும்,

போன வாரக் குழுக் கூட்டத்தில் கோழிப் பேச்சு எழுந்தபோது நான் வாய் திறக்கவில்லை. வழவழப்பான நோட்டீஸ் ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. ஐந்நூறு குஞ்சு தருவார்களாம். கூண்டு, தீவனம், மருந்து எல்லாம் அவர்களே தருவார்களாம். வளர்ந்ததும் அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்களாம். குழுவின் பேரில் கடன் மட்டும் நாம் வாங்கவேண்டுமாம். அந்த "மட்டும்" என் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. ஆனாலும் பேசவில்லை. நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறாள் என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயம். வீட்டுக்கு வந்து கோழிகளைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தபோது, பேசாமல் இருந்ததுதான் தப்பு என்று பட்டது. அதனால் எழுதுகிறேன். கார்த்திகை பிறப்பதற்குள் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கோழியைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். முப்பது வருடமாக வளர்க்கிறேன் என்பது ஒன்று. ஒரு பங்குனியில் ஒன்பது நாளில் நாற்பத்து மூன்று கோழிகளைப் புதைத்தவள் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய படிப்பு.

அந்த வருடம் சந்தையில் ஒரு பெட்டைக்கோழி மலிவாகக் கிடைத்தது. நல்ல செவலை, கனமும் இருந்தது. விற்றவள் ஏன் அவ்வளவு அவசரப்பட்டாள் என்று நான் யோசிக்கவில்லை. கொண்டுவந்து மற்றக் கோழிகளோடு விட்டேன். நாலாம் நாள் அது தலையைத் தொங்கப் போட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. ஒரு வாரத்தில் மற்றவையும் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. சிலது கழுத்தைத் திருகிக்கொண்டு வட்டம் சுற்றின. மஞ்சளும் மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டிக் கொடுத்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். சாவு தொடங்கிய மூன்றாம் நாள், இன்னும் நின்றுகொண்டிருந்த ஆறு கோழிகளை வாசலில் வந்த வியாபாரியிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டேன். அவர் சைக்கிளில் தலைகீழாகத் தொங்கியபடி அவை எந்த ஊருக்குப் போயினவோ! எனக்கு விற்ற அந்தப் பெண்ணும் இதையேதான் செய்திருப்பாள். அவளுக்கு முன்னால் ஒருத்தியும் செய்திருப்பாள். வெள்ளைக்கழிச்சல் என்ற இந்த நோய் தானாக வருவதில்லை. நம்மைப் போன்றவர்களின் அவசரத்தில் ஏறித்தான் ஊர் ஊராக வருகிறது.

இனி அந்த ஐந்நூறுக்கு வருவோம். அந்த எண்ணுக்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தில் ஓஷன் வியூ என்று கடலோரச் சிற்றூர். அங்கே செசில் ஸ்டீல் என்ற பெண், 1923-இல் வீட்டு முட்டைக்காக 50 குஞ்சு கேட்டு எழுதினார். பண்ணைக்காரர்கள் தவறுதலாக 500 அனுப்பிவிட்டார்கள். அவர் திருப்பி அனுப்பவில்லை. கறிக்கு விற்கலாமே என்று வளர்த்தார். 387 தேறின. நல்ல விலை கிடைத்தது. அடுத்த ஆண்டு இன்னும் அதிகம் வளர்த்தார். சில ஆண்டுகளில் பத்தாயிரம் கோழி கொள்ளும் கொட்டகை எழுந்தது. கறிக்கென்றே கோழி வளர்க்கும் பிராய்லர் தொழில் இந்தப் பெண்ணின் கொல்லையில் தொடங்கியது என்றுதான் அமெரிக்காவில் சொல்கிறார்கள். அவர் கணவரும் கடலோடு தொடர்புள்ளவர். கடலோரக் காவலில் வேலை பார்த்தவர்.

கேட்க இனிக்கும் கதைதான். நோட்டீஸ்காரருக்குத் தெரிந்திருந்தால் முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார். ஆனால் அதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஐந்நூறில் நூற்றுப் பதின்மூன்று தேறவில்லை. அந்தச் சேதத்தையும் தாங்கி லாபம் கொடுத்தது, அன்று அந்தச் சந்தையில் நிலவிய விலை. இன்று அந்த விலை இல்லை. அந்தக் கொல்லையில் தொடங்கிய தொழில் வளர்ந்து வளர்ந்து, ஏறக்குறைய நாற்பது நாளில் இரண்டு கிலோ ஏறும் கோழியை உண்டாக்கிவிட்டது. நம் ஊரில் அதன் தலைநகரம் பல்லடம். அன்றாட விலை அங்கேதான் நிர்ணயமாகிறது. ஆயிரக்கணக்கில் கோழி அடைத்த கொட்டகைக்காரர்களே கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். அந்தப் பந்தயத்தில் ஐந்நூறை வைத்துக்கொண்டு நாம் ஓட முடியாது.

"இது பிராய்லர் இல்லை, நாட்டுக்கோழி" என்கிறது நோட்டீஸ். எந்த நாட்டுக்கோழி என்று கேளுங்கள். ஐதராபாத்தில் உருவான வனராஜாவும் கிராமப்பிரியாவும், பெங்களூரில் உருவான கிரிராஜாவும், நம் சென்னை நந்தனத்துக் கோழியும் புழக்கடைக்கென்றே ஆராய்ச்சியில் பிறந்தவை. குறை சொல்ல மாட்டேன். நம் கோழியைவிட வேகமாக எடை ஏறும். ஆனால் இந்தக் கலப்பு இனங்களை நம்பி அடை வைக்க முடியாது. உட்காராது. ஒவ்வொரு முறையும் குஞ்சுக்கு அவர்களிடமே போய் நிற்க வேண்டும். நம் சிறுவிடைப் பெட்டையோ உருவத்தில் சின்னது. ஆனால் தானே அடைகாக்கும், தானே பொரிக்கும், பருந்து நிழல் தரையில் விழுந்தால் தானே குஞ்சுகளை இறக்கைக்குள் அள்ளிக்கொள்ளும். குஞ்சுப் பண்ணை, கூண்டு, காவல்காரி எல்லாம் அந்த ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கியிருக்கிறது. அதற்குக் கடன் வேண்டாம்.

"அவர்களே எடுத்துக்கொள்வார்கள்" என்ற வாக்குறுதியையும் நாம் புதிதாகக் கேட்கவில்லை. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்காக எத்தனை குடும்பங்கள் பணத்தைக் கட்டின! மாதாமாதம் காசு, முட்டையை நாங்களே வாங்குவோம், பறவையை நாங்களே எடுப்போம் என்றார்கள். கடைசியில் தீனிக்கு வழியில்லாமல் தவித்த பறவைகள்தான் மிஞ்சின. அதே காலத்தில் அதே வட்டாரத்தில் நாட்டுக்கோழியின் பேரிலும் அப்படி வசூல் நடந்து கவிழ்ந்தது. நம் ஊருக்கு வந்த நோட்டீஸ்காரர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. வாங்குவோம் என்று வாயால் சொல்வதை எழுத்தில் கேளுங்கள், எழுத்தையும் நாலு பேரிடம் காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நாம் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. ஒரு பெட்டை வருடத்துக்கு மூன்று நான்கு தடவை அடைக்கு உட்காரும். ஒரு அடைக்குப் பன்னிரண்டு முட்டை வைத்தால் பத்தாவது பொரிக்கும். அந்தப் பத்தில் எத்தனை ஒரு கிலோ எடை வரை உயிரோடு வந்து சேர்கிறது? என் பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பல வருடம் மூன்று, சில வருடம் இரண்டு. மீதி ஏழும் கீரிக்கு, பருந்துக்கு, மழைக்குளிருக்கு, கழிச்சலுக்கு. நம் எல்லோர் வீட்டிலும் இதே கதைதான். போனது நம் கையை விட்டுப் போன காசாக வலிக்காததால் நாம் எண்ணுவதில்லை. கடனில் வந்த குஞ்சு செத்தால்தான் எண்ணுவோம்.

பத்து அடைக்கோழி, நூறு குஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மூன்று என்றால் முப்பது தேறும். பத்துக்கு ஏழு என்றால் எழுபது. இடையில் இருப்பது நாற்பது கோழி. ஒரு ரூபாய் கடனில்லாமல், ஒரு குஞ்சுகூட விலைக்கு வாங்காமல், சாவைக் குறைத்ததால் மட்டும் கிடைக்கும் நாற்பது கோழி. இதை எட்டாதவர் ஐந்நூறு வாங்கினால் முந்நூற்றைம்பதைப் புதைக்கக் குழி தோண்டுகிறார் என்று அர்த்தம்.

சாவுகளில் பெரியது வெள்ளைக்கழிச்சல். மாட்டாஸ்பத்திரியில் ராணிகேத் என்பார்கள். இமயமலைப் பக்கம் குமாவோன் மலையூர் ஒன்றின் பெயர் அது. 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் தெரியவந்த இந்த நோய், அடுத்த ஓரிரு ஆண்டில் நம் நாட்டில் ராணிகேத்தில் அடையாளம் காணப்பட்டது. அதே மலைத்தொடரில் முக்தேஸ்வர் என்ற இடத்தில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில், 1940களில் இதற்குத் தடுப்பூசி உருவானது. இன்றும் எட்டு வாரக் கோழிக்கு இறக்கைக்கு அடியில் போடும் ஊசி அந்த வழியில் வந்ததுதான். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே மலை. வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. வராமல் தடுக்க உண்டு. எண்பது வருடம் ஆகியும் அது நம் கொல்லைக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை.

ஏன் சேரவில்லை? நம் அக்கறைக்குறைவு மட்டும் காரணமில்லை, குப்பியும் ஒரு காரணம். முதல் மருந்து ஏழாம் நாள் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. இரண்டாவது எட்டாம் வாரம் ஊசி. இந்த மருந்துக் குப்பி நூறு கோழிக்கு, சில சமயம் இருநூறு கோழிக்கு என்று வருகிறது. உடைத்துக் கலந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். என் வீட்டில் பத்துக் குஞ்சு. பத்துக் குஞ்சுக்காக நூறு கோழி மருந்தை உடைக்க யாருக்கு மனம் வரும்? பத்தைப் போட்டுவிட்டுத் தொண்ணூறைக் கொட்டவா? ஆயிரம் கோழிக்காரருக்கு இது பிரச்சனையே இல்லை. கொல்லைக்காரிக்கு மட்டும்தான். தனியாக இருக்கும்வரை அவளுக்கு இதற்கு வழி கிடையாது.

ஆனால் நாம் தனியாக இல்லையே. பத்து வீட்டுப் பத்துக் குஞ்சு சேர்ந்தால் நூறு. ஒரு குழு என்பது ஒரு குப்பி. இந்த மடலை யாருக்கும் தனித்தனியாக எழுதாமல் குழுவுக்கு எழுதுவதற்குக் காரணமே இந்தக் கணக்குதான். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக், தான்சானியா நாடுகளில் இதே நோய்க்கு ஆஸ்திரேலியாவில் உருவான கண் சொட்டு மருந்தை, ஊருக்குள்ளேயே சிலருக்குக் கற்றுக்கொடுத்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போட வைத்தார்கள். ஊர்க்காரர்கள் போட்டார்கள், ஊர்க்காரர்களே ஒரு கோழிக்கு இவ்வளவு என்று சிறு காசும் கொடுத்தார்கள். நம்மால் முடியாதா?

இன்னொரு தடை, மருந்துக்குக் குளிர்ச்சி போகக் கூடாது. உள்நாட்டு ஊர்களில் இது பெரிய தலைவலி. நமக்கு? கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் மீன் ஏறும் இடமெல்லாம் ஐஸ். தலைச்சுமையாக மீன் விற்கும் அக்கா வீட்டிலும் தெர்மாகோல் பெட்டி இருக்கிறது. அதைச் சோடா உப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் நிரப்பி, குப்பியைப் பாலிதீன் பையில் சுற்றி உள்ளே வைத்தால் மாட்டாஸ்பத்திரியிலிருந்து நம் தெருவுக்குப் பத்திரமாக வந்துவிடும். மீனுக்குச் செய்வதைக் குஞ்சுக்கும் ஒருநாள் செய்யப் போகிறோம், அவ்வளவுதான்.

ஒரே குப்பியைப் பத்து வீடு பங்கிட வேண்டுமானால் குஞ்சுகள் ஒரே வாரத்தில் பொரிக்க வேண்டும். அதற்கு எல்லோரும் ஒரே வாரத்தில் அடை வைக்க வேண்டும். எல்லாக் கோழியும் நாம் சொன்ன நாளில் அடைக்குக் கேறாது, உண்மைதான். கேறிய கோழியைப் பொய் முட்டை வைத்துச் சில நாள் உட்கார வைக்கலாம். கேறாத வீட்டு முட்டையைக் கேறிய வீட்டில் வைக்கலாம். இரண்டு மூன்று தெருவைச் சேர்த்தால் பத்து அடைக்கோழி தேறாமல் போகாது.

எந்த வாரம் என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். நம் கரையில் காசு வற்றும் காலம் எது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். மீன் குறைந்து விலை ஏறும்போது கறிக்கோழிக்குக் கிராக்கி வரும். அப்போது கையில் கோழி இருந்தால் அது காசு. ஆனால் நம் கோழி அதற்கு முன்பே, மாசி பங்குனி வெயிலில், கழிச்சலில் போய்விடுகிறது. தேவை வரும் நேரத்தில் பஞ்சாரம் காலியாக இருக்கிறது.

பின்னோக்கி எண்ணுங்கள். நம் கோழி ஒரு கிலோ வர நான்கிலிருந்து ஐந்து மாதம். ஏப்ரல் கடைசியில் விற்க வேண்டுமானால் டிசம்பர் இரண்டாம் வாரம் பொரிக்க வேண்டும். அடை இருபத்தொரு நாள். ஆகவே கார்த்திகை முதல் வாரம் முட்டை வைக்க வேண்டும். டிசம்பரில் பொரித்த குஞ்சுக்கு எட்டு வாரம் நிறைவது எப்போது? பிப்ரவரி முதல் பாதியில். கால்நடைத் துறை ஆண்டுதோறும் கோழிக்கழிச்சலுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துவதும் பிப்ரவரியில்தான். யாரோ நமக்காகவே போட்டு வைத்த நாள்காட்டி மாதிரி இருக்கிறது. கார்த்திகையில் அடை, மார்கழியில் சொட்டு, பிப்ரவரியில் ஊசி, தடைக்காலத்தில் விற்பனை.

முகாம் நாளில் டாக்டர் வரும்போது கோழியெல்லாம் கருவேலங்காட்டுக்குள் மேய்ந்துகொண்டிருந்தால் அவர் என்ன செய்வார்? இன்ன தெருவில் இத்தனை கோழி என்று குழுவின் சார்பில் முன்கூட்டியே எழுதிக்கொடுப்போம். அன்று விடியலில் யாரும் கோழியைத் திறந்துவிடக் கூடாது.

மற்றச் சாவுகளைக் குறைக்கும் கைவேலை உங்களுக்கே தெரியும். சிலதை மட்டும் நினைவூட்டுகிறேன். கார்த்திகையில் மழை விட்டிருக்காது. அடைக்கூடையை ஈரம் ஏறாத மூலையில் வையுங்கள். இடிக்கு முட்டை கூழாகாமல் இருக்க இரும்புத்துண்டும் கரியும் மிளகாய்வற்றலும் போடுவது உங்கள் இஷ்டம், நானும் போடுகிறேன். ஆனால் ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்துக் கூழ்முட்டையை எடுத்துவிடுங்கள். குஞ்சுக்கு முதல் மாதம் பஞ்சாரமே உலகம். மேய விடும் இடத்துக்கு மேலே கிழிந்த பழைய வலையை விரித்துக் கட்டுங்கள். பருந்து, காகம் இரண்டும் அண்டாது. நம் கரையில் வலைக்குப் பஞ்சமா?

தீனிக்குக் குருணையும் கம்பும் போதாது. குஞ்சு வளரப் புரதச்சத்து வேண்டும். பழைய பானையில் காய்ந்த சாணமும் வைக்கோலும் கிழிந்த சாக்கும் போட்டு, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்தினால் குஞ்சுக்கு விருந்து. இதைவிட ஒரு வேடிக்கை பாருங்கள். நம் கடலில் பிடிபடும் கழிசல் மீன் மணலில் காய்ந்து, மூட்டையாகி, லாரி ஏறி நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. அங்கே கோழியாகவும் முட்டையாகவும் மாறி நம் கடைக்கே வருகிறது. நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். உப்புப் படாமல் காய்ந்த கழிசலை இடித்துத் தவிட்டில் ஒரு கை கலந்தால் அந்தப் பயணம் மிச்சம். கருவாடு மட்டும் வேண்டாம், உப்பு குஞ்சைக் கொன்றுவிடும். உவர்த்தண்ணீரும் அப்படியே. நீங்கள் குடிக்கும் குடத்திலிருந்தே அதற்கும் ஊற்றுங்கள். விற்பதற்கு இரண்டு வாரம் முன்னால் மீனை நிறுத்திவிடுங்கள், கறியில் கவிச்சி அடிக்காது. கிளிஞ்சலை நுணுக்கிப் போட்டால் முட்டையிடும் பெட்டைக்கு ஓடு கெட்டிப்படும்.

விற்பனையிலும் ஒரு குறை இருக்கிறது. வியாபாரி கோழியைக் கையில் தூக்கிப் பார்த்து ஒரு விலை சொல்வார், நாமும் தலையாட்டுவோம். அவர் கைத்தராசு ஒருநாளும் நம் பக்கம் சாய்ந்ததில்லை. குழுப் பணத்தில் வாங்க வேண்டியது ஐந்நூறு குஞ்சு இல்லை. ஒரு தொங்கு தராசு. நாற்பது கோழியும் ஒரே நாளில் ஒரே இடத்தில் எடை போட்டு நிற்கிறது என்றால், அறந்தாங்கி வியாபாரியே விலை கேட்டு வருவார்.

உங்களிடம் நான் கேட்பது மூன்றுதான். ஒன்று, அந்த நோட்டீஸுக்கு இந்த வருடம் கையெழுத்துப் போடாதீர்கள். பத்துக்கு ஏழு தேற வைத்துக் காட்டிய பிறகும் ஐந்நூறு வேண்டும் என்று தோன்றினால், நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டு, வெளியிலிருந்து வரும் எந்தக் கோழியையும் இரண்டு வாரம் தனிப் பஞ்சாரத்தில் வைக்காமல் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். மூன்றாவது கடினமானது. கோழி தலை தொங்கினால் விற்காதீர்கள், காட்டில் எறியாதீர்கள். ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டுக் குழுவில் சொல்லுங்கள். அந்த நட்டத்தைக் குழு பங்கிட்டுக்கொள்ளும் என்று ஒரு தீர்மானம் எழுதுவோம். அன்று எனக்கு அப்படியொரு குழு இருந்திருந்தால் அந்த ஆறு கோழிகளும் சைக்கிளில் ஏறியிருக்காது.

கார்த்திகை முதல் வாரம் முட்டை வையுங்கள். வைத்த நாளைச் சுவரில் கரியால் எழுதுங்கள். குஞ்சு பொரித்து ஏழாம் நாள் காலையில் ஐஸ் பெட்டியோடு நான் உங்கள் வாசலுக்கு வருவேன். நான் வரும்வரை பஞ்சாரத்தை நிமிர்த்தாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
மீமிசல்.